ஒரே எழுத்து, இரண்டு கேஸ்

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அது என் தப்பு. உச்சரிப்பு சரியில்லை என்றால் அது உங்கள் தப்பு. நான் ஒவ்வொரு சொல்லாகத் தட்டத் தட்ட, அதை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் இல்லையென்றால் இதை அழித்துவிடுங்கள். கண்ணோடு சேர்த்து இவளுக்கு மூளையும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குத் "தந்தி" என்று பேர் வைத்தவர் நீங்கள். இன்றைக்கு மட்டும் அந்தப் பேருக்குப் பொருந்தாமல் நீளமாக எழுதிக்கொள்கிறேன்.

குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவளைப் புகார்ப் பிரிவில் தூக்கிப் போட்டார்கள். அது உங்களுக்குத் தெரியும். உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சரி, அதை இன்றைக்கு எடுக்க வேண்டாம். போனில் வரும் புகாரைக் கேட்டு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்புவது என் வேலை. அதற்குக் காது போதும். நன்றாகவே செய்துகொண்டிருந்தேன். போன வருடக் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். இப்போது பாதிக்கு மேல் ஜனங்கள் போனிலேயே தமிழில் எழுதி அனுப்புகிறார்கள். கண்ணுள்ளவர்கள் படிக்கிறார்கள். எனக்குக் கணினி படித்துக் காட்டும் என்றார்கள்.

படித்தது. எப்படிப் படித்தது தெரியுமா? தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு உலுக்கின மாதிரி. லகரம், ளகரம், ழகரம் எல்லாம் அதற்கு ஒரே குடும்பம். குழாய் குலாய் ஆயிற்று, பள்ளம் பல்லம் ஆயிற்று. ஒவ்வொரு புகாரையும் இரண்டு தடவை, மூன்று தடவை ஓட்டிக் கேட்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் பத்துப் புகாரை முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், நான் நாலாவதில் நிற்பேன். மேற்பார்வையாளர் வந்து, "மூணு மாசம் பாப்போம்மா. முடியலைன்னா பழைய ஃபைல் ரூம்ல உக்காந்துக்கலாம், சம்பளம் அப்படியே வரும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் கோபம்.

போன வாரம் கணினிப் பிரிவு அம்மா வந்தார். "பல்கலைக்கழகத்துல ஒரு புதுத் தமிழ்க் குரல் வெளியிட்டிருக்காங்க, இலவசம்தான், போட்டுப் பாக்கட்டுமா?" என்றார். போட்டார். அம்புக்குறிப் பொத்தானைத் தட்டினேன். பொத்தானின் பேரை அந்தக் குரல் சொன்னது.

"அடுத்து."

அண்ணி, அந்த ஒரு சொல்லுக்கு என் முதுகு நிமிர்ந்துவிட்டது. கண் அழுத்த நோய்க்கு வைத்தியம் பார்த்த அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எத்தனை காலை உட்கார்ந்திருப்பேன்! ஒலிபெருக்கியில் நீங்கள் "அடுத்து" என்பீர்கள். கோபமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல், கடைசி எழுத்தை மட்டும் லேசாகத் தூக்கி. உலகத்தில் வேறு யார் அதை அப்படிச் சொல்வார்கள்?

அது நீங்கள்தானா?

இப்படிக்கு,
தந்தி


மார்ச் 15

அன்புள்ள தந்திக்கு,

நான்தான்.

முதலில் இதற்குப் பதிலைக் கையால் எழுதினேன். முழுப் பக்கமும் எழுதி, கையெழுத்தும் போட்டு, உறையைத் தேடும்போதுதான் உறைத்தது, இதை நீ எப்படிப் படிப்பாய் என்று. உன் மருமகள் சிரித்தே ஓய்ந்துபோனாள். அப்புறம் அவளே போனில் இதைத் திறந்து கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் தப்பாகத் தட்டினால் என் குரலே உன்னிடம் தப்பாகப் படிக்கும். எனக்கு இதுவும் வேண்டியதுதான்.

மகளோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த புதிதில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒரு நாளைக்கு நூறு பேரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டவள் நான். இங்கே பால்காரரிடம் மட்டும்தான் பேச்சு. அவள் கல்லூரிப் பலகையில் ஓர் அறிவிப்பு இருந்ததாம், தெளிவாகத் தமிழ் வாசிக்கிற பெண்குரல் வேண்டும் என்று. "போம்மா, வீட்ல சுவத்துக்கிட்ட பேசுறதுக்கு அங்க போய்ப் பேசு" என்றாள்.

அங்கேயும் சுவர்தான். சுவர் முழுக்கக் கருப்புப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை, முன்னால் ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆராய்ச்சி மாணவி. அவள் கொடுத்த வாக்கியங்களுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இருக்காது. "ஒட்டகம் நேற்று வரி கட்டியது" என்று ஒன்று வரும். "உங்கள் மகள் எங்கே?" என்று அடுத்தது வரும். எல்லா எழுத்தும் எல்லா எழுத்தோடும் சேர்ந்து வர வேண்டுமாம், அர்த்தம் தேவையில்லையாம். "உணர்ச்சி வேணாம்மா, சமமா படிங்க" என்பாள். ஒரு வாக்கியத்தில் "அண்ணன்" என்று வந்தது. நான் சமமாகத்தான் படித்தேன். அவள் கண்ணாடியைத் தட்டி, "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா" என்றாள். உன் அண்ணன் போய் அப்போது வருடம் திரும்பவில்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லி உன்னிடம் நல்ல பேர் வாங்க மாட்டேன். அது பொய். ஆனால் இது எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டபோது, பார்வை இல்லாதவர்களுக்குக் கணினியும் போனும் படித்துக் காட்ட என்றாள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட நான் மட்டம் போடவில்லை. இது நிஜம்.

"இனிமே உங்க குரலே என் காதுல விழக் கூடாது" என்று நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. உன் சாபம் இப்படிப் பலித்ததே என்று சிரிக்கலாமா, அழலாமா தெரியவில்லை. வேலை நடக்கிறதா? அதை எழுது.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நடக்கிறது. பறக்கிறது என்றே சொல்லலாம். ஒரு காதில் ஜனங்கள், ஒரு காதில் நீங்கள். ழகரம் ழகரமாகவே விழுகிறது. குழாய், குழி, கழிவுநீர், எங்கள் வாரியத்தின் பிழைப்பே அந்த எழுத்தில்தானே ஓடுகிறது! போன வாரம் முதல் தடவையாக மற்றவர்களுக்கு முன்னால் நான் டீ குடிக்க எழுந்தேன். வீட்டிலும் அப்படித்தான். மருந்துச் சீட்டைப் படம் எடுத்துக் காட்டினால் படிக்கிறீர்கள். வங்கிக் குறுஞ்செய்தியைப் படிக்கிறீர்கள். மாடிக்காரம்மாவைக் கூப்பிட்டு, "இதுல என்ன போட்டிருக்குக்கா?" என்று கேட்கிற வேலை போயிற்று. இதற்கெல்லாம் நான் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி குறைகள். கோபப்படாதீர்கள்.

நீங்கள் பேசுகிற வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு புகார் முடிவதற்குள் எனக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிடும். நாங்கள் எல்லோரும் வேகத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏற்றி வைத்துத்தான் கேட்போம். கண்ணுள்ளவர்கள் பக்கத்தில் நின்று கேட்டால் வண்டு ரீங்காரம் என்பார்கள். பழைய தகர டப்பாவை எவ்வளவு முடுக்கினாலும் தகரமாகவே இருக்கும், ஆனால் சொல்லின் வால் கழன்று விழாது. நீங்கள் முடுக்கினால் வாலை விழுங்குகிறீர்கள். தமிழில் உயிரே வாலில்தானே இருக்கிறது? வந்ததா, வந்தாரா, வராதா, எல்லாம் கடைசியில்தான் தெரியும். "தண்ணி வருது" என்றும் கேட்கிறது, "வரலை" என்றும் கேட்கிறது.

அப்புறம், கதவு எண் 12/3 என்று இருந்தால் "பன்னிரண்டு வகுத்தல் மூன்று" என்கிறீர்கள். நான் நான்கு என்று விடை சொல்லிக்கொள்கிறேன். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அதைப் படிக்கும்போது நீங்கள் யாரோ வெளிநாட்டம்மா ஆகிவிடுகிறீர்கள்.

இதையெல்லாம் ஆய்வகத்துக்கு எழுதிப் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில் வந்தது. அதையும் நீங்கள்தான் படித்தீர்கள், ரொம்ப மரியாதையாக.

தந்தி


ஏப்ரல் 2

அன்புள்ள தந்திக்கு,

வாலை விழுங்குகிறேனா? ஆஸ்பத்திரியில் அத்தனை வருடம் கூப்பிட்டேன், ஒருவர்கூடத் தன் பேர் சரியாக விழவில்லை என்று சொன்னதில்லை. மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு என்னைக் குறை சொல்கிறாயே, உன்னை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் செருப்பு காலில் நிற்குமா?

உண்மையில் எனக்கு வருத்தம் அதில்லை. நீ எழுதுகிற குறைகள் எல்லாம் அந்தக் குரலைப் பற்றியே இருக்கின்றன. என்னைப் பற்றி உனக்கு இருக்கிற குறையை நீ எழுதவே இல்லை. "அதை இன்றைக்கு எடுக்க வேண்டாம்" என்று மூடி வைத்துவிட்டாய். நானாக எடுக்கிறேன். கண் மங்குவதை நீ அலுவலகத்தில் மறைத்தாய். தெரு விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டு, கதவில் இடித்துக்கொண்டேன் என்று என்னிடமே பொய் சொன்னாய். நான் உன் அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னேன். திரும்ப அப்படி ஒரு நிலைமை வந்தால் திரும்பவும் சொல்வேன். ஆனால் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவ்வளவுதான் என்னால் மாற முடியும்.

இதை எந்த வேகத்தில் வேண்டுமானாலும் ஓட்டிக் கேள்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தது கோபத்தால் அல்ல. இங்கே ஒன்று நடந்துவிட்டது.

ஒரு தெரு முனையில் வால்வுக் குழி. வால்வு திருகவில்லை என்று காலையில் புகார். பழுதுபார்க்கும் குழுவை நான்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அதே தெருவிலிருந்து இன்னொரு செய்தி. நீங்கள் படித்தீர்கள்: "அந்தக் குழியில் கேஸ் இருக்கு. ஆளை இறக்காதீங்க. சீக்கிரம்."

அண்ணி, தமிழில் ஒரே "கே"தான். கோர்ட்டில் நடக்கிறதும் கேஸ், அடுப்பில் எரிகிறதும் கேஸ். நீங்கள் கோர்ட் கேஸாகப் படித்துவிட்டீர்கள். தெளிவாக, அழகாக, ஒரு சந்தேகமும் இல்லாத குரலில். இடத் தகராறு போலிருக்கிறது, யாரோ தடை வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட்டேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டாலும் தெரிந்திருக்காது. இந்தக் கடிதத்தில்கூட இரண்டையும் வேறுபடுத்தி எழுத எனக்கு வழியில்லை பாருங்கள்.

அடுத்த புகாருக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த "சீக்கிரம்" உறுத்திக்கொண்டே இருந்தது. கோர்ட் கேஸுக்கு யாராவது சீக்கிரம் என்று சொல்வார்களா? எழுதியவருக்குப் போன் போட்டேன். எந்தக் கோர்ட்டில் கேஸ் என்று நான் கேட்டதுமே கத்தினார். "கேஸுங்க! நாத்தம் மூக்கை அடைக்குது, கோர்ட்டு கேஸ் இல்லைங்க!"

குழுவில் யாரும் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டுநர் மட்டும் எடுத்தார். "யாரையும் இறங்க விடாதீங்க, குழிக்குள்ள கேஸ் இருக்கு" என்று நான் போட்ட சத்தத்தில் எங்கள் அறையே எழுந்து நின்றதாம். அவர் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினார். ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏணியில் பாதி இறங்கியிருந்தவரைக் கயிற்றோடு மேலே இழுத்தார்கள். மேலே வந்ததும் மயங்கி விழுந்துவிட்டார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் அந்த மனிதர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். "கண்ணால படிச்சிருந்தா இது நடந்திருக்காதும்மா" என்றார் மேற்பார்வையாளர். மாதக் கடைசியில் விசாரணை. அதற்கப்புறம் ஃபைல் ரூம்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். புதுக் குரலையும் எடுத்துவிடப் போகிறார்களாம்.

என்னால் ஜீரணிக்க முடியாதது எது தெரியுமா? தகர டப்பா படித்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அதன்மேல் எனக்கு நம்பிக்கையே கிடையாது. எதையும் இரண்டாம் தடவை கேட்பேன். இது உங்கள் குரலில் வந்தது. அதனால் நம்பிவிட்டேன்.

நீங்கள் என் அதிகாரிக்கு ஒன்றும் எழுத வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். முடிந்தால் அந்த ஆய்வகத்துக்கு ஒருமுறை நேரில் போய்ச் சொல்லுங்கள். என் கடிதத்தை அவர்கள் படிக்கவில்லை. நீங்கள் பேசினால் கேட்பார்கள்.

தந்தி


ஏப்ரல் 26

அன்புள்ள தந்திக்கு,

அந்த மனிதர் நன்றாக இருக்கிறாரா? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதுதான் என் கேள்வி. ஒட்டகம் வரி கட்டியது என்று விளையாட்டாகப் படித்துவிட்டு வந்தவளுக்கு, அந்தக் குரல் ஓர் ஆளைக் குழிக்குள் இறக்கப் பார்க்கும் என்று எப்படித் தெரியும்?

ஆய்வகத்துக்குப் போனேன். கருப்புப் பஞ்சு அறையில் இப்போது நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னைப் பதிவு செய்த பெண் படிப்பு முடித்துப் போய்விட்டாள். பேராசிரியரைப் பார்த்தேன். நல்லவர், உட்காரச் சொன்னார். "உங்க குரலுக்கு ரொம்ப நல்ல மதிப்பெண்மா" என்று ஒரு காகிதத்தைக் காட்டினார். மாணவர்களைக் கேட்கச் சொல்லி, எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் போடச் சொன்னார்களாம். நாலுக்கு மேல் வந்திருக்கிறது.

"கேட்டவங்கள்ல கண் தெரியாதவங்க எத்தனை பேர் சார்?" என்றேன்.

அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அதில் அந்தக் கட்டமே இல்லை.

நான் நீ எழுதியதைப் போனில் எடுத்து அவரிடம் நீட்டினேன். "படிக்க வேணாம் சார், கேளுங்க. மூணு மடங்கு வேகத்துல கேளுங்க" என்றேன். உன் மருமகள் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். என் குரலிலேயே அந்தக் குழியின் கதை ஓடியது. பாதியில் அவர் நிறுத்தச் சொன்னார். தன்னால் தொடர்ந்து கேட்க முடியவில்லை, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்றார். "இதுலதான் அவங்க வேலை பாக்குறாங்களா?" என்றார். "இதுலதான் பாக்குறா" என்றேன். அப்புறம் வெகுநேரம் பேசினோம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பெரிய மொழிகளுக்கெல்லாம் பத்துக் குரல், இருபது குரல் இருக்கிறதாம், ஒன்று சரியில்லையென்றால் அடுத்ததற்கு மாறிக்கொள்வார்களாம். நமக்கு இருப்பதே இது ஒன்று. பணம் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டோம் என்றார். உன்னைப் போல இதை வைத்தே பிழைக்கிறவர்கள் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால், திரும்ப உட்காரத் தயார் என்கிறார். நானும் தயார்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பேராசிரியர், இது குரலின் பிழை, கேட்டவரின் பிழை அல்ல என்று உங்கள் வாரியத்துக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்கிறார். அதை அனுப்பச் சொல்லட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம். நான் உன் அலுவலக வாசலை மிதிக்க மாட்டேன்.

நம்பிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு, திரும்ப எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணி,

அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்டதற்கு நன்றி. இந்தச் சின்ன வாக்கியத்தை எழுதுவதற்குள் எத்தனை தடவை அழித்தேன் என்பது உங்கள் குரலுக்குத்தான் தெரியும்.

பேராசிரியரிடம் சொல்ல வேண்டியது. இனிமையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முடுக்கினாலும் வால் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்று. எப்படிப் படிப்பது என்று தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி படிக்கக் கூடாது. ஒரே எழுத்தை இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய கேஸ், பாங்க் மாதிரி ஒன்று வந்து, எதுவென்று நிச்சயமில்லையென்றால் ஒரு சின்ன "டிங்" கொடுக்கட்டும். நான் நின்று யோசித்துக்கொள்வேன். மனிதர்கள் தயங்குவதில்லையா? அந்தத் தயக்கம்கூட இல்லாமல் எப்படி ஒரு குரலை நம்புவது?

படிப்பதற்கு ஒட்டகம் எல்லாம் வேண்டாம். எங்களுக்கு வந்த புகார்களிலிருந்தே வாக்கியங்கள் அனுப்புகிறேன். பேரையும் முகவரியையும் எடுத்துவிட்டேன். மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன். "அனுப்புங்கம்மா, நம்ம தண்ணிதான் போய்ச் சேரலை, புகாராவது எங்கேயாவது போய்ச் சேரட்டும்" என்றார்.

தந்தி


ஜூன் 9

அன்புள்ள தந்திக்கு,

இன்றோடு பதிவு முடிந்தது. தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன்.

விசாரணையில் நீ பேசியதை எழுதியிருந்தாயே, அதை உன் மருமகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அத்தை செம" என்றாள். முடிவு சொல்ல இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றால் ஆகட்டும். நீ பாட்டுக்கு வேலையைப் பார்.

நாற்காலிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு அறையைக் கூட்டி வைத்திருந்தார்கள். இந்தத் தடவை ஒரு புது மாணவி. முதல் நாளே என் குரல் முன்பு போல இல்லை, கொஞ்சம் கனத்துவிட்டது என்றாள். பழையதோடு ஒட்டாதோ என்று அவளுக்குப் பயம். வயதாகிறதம்மா, குரல் மட்டும் இளமையாக இருக்குமா என்றேன்.

நீ அனுப்பிய புகார்களைப் படித்தேன். "எங்க தெருவுல தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு, வீட்ல கைக்குழந்தை இருக்கு." "யாரும் எடுக்க மாட்டேங்குறீங்க." "போன தடவை சொன்னவங்க நல்லா பேசினாங்க, அவங்ககிட்ட குடுங்க." தந்தி, அந்தக் கடைசி ஆள் சொல்வது உன்னைத்தானே? சமமாகப் படிக்க வேண்டும் என்று மாணவி சொல்வதற்கு முன்னாலேயே என் குரல் இடறிவிட்டது. நீ காலையிலிருந்து மாலைவரை என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. உன்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள், அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூலை இல்லை.

நேற்று, அதுவரை பதிந்ததை வைத்தே சோதித்தார்கள். இந்தத் தடவை நட்சத்திரம் இல்லை. கணினித் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானை வைத்தே வேலை பார்க்கிற ஆறேழு பேரை வரவழைத்திருந்தார்கள். அவரவர் வேகத்தில் ஓட்டி, கேட்டதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். அவர்கள் ஓட்டிய வேகத்தில் அது நான்தான் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவர்கள் தட்டினதில் வால்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "டிங்" வந்த இடத்தில் ஒருவர் தலையை நிமிர்த்திப் புன்னகைத்தார். வக்கீல் படிப்புப் படிக்கிற ஒரு பெண் என் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பி, "நீங்கதானா அது? என் பரீட்சை முழுக்க நீங்கதாங்க படிச்சீங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நல்லா எழுதினியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

உன்னையும் வரச் சொல்லியிருக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். உனக்கு விடுப்பு கிடைத்திருக்காது என்றேன். கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

புதுக் குரல் வந்துவிட்டது. கணினிப் பிரிவு அம்மா போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். முடுக்கினேன். வருது, வரலை, வராது, மூன்றும் மூன்றாக விழுந்தன. கதவு எண்ணை வகுக்காமல் படித்தீர்கள். யாரோ ஒரு பெண்மணி "பாங்க் எதிர்ல குழாய் உடைஞ்சிருக்கு" என்று எழுதியிருந்தார். ஒரு "டிங்" அடித்துவிட்டுச் சரியாகவே சொன்னீர்கள். குரல் கனத்துத்தான் இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பழையதில் நீங்கள் அண்ணன் போன துக்கத்தில் இருந்தீர்கள். இப்போதுதான் அது தெரிகிறது.

நேற்று முடிவு சொன்னார்கள். மெமோவைக் கிழிக்கவில்லை. கவனமாக இருக்கவும் என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். இருக்கட்டும். ஆனால் ஃபைல் ரூம் இல்லை. பேராசிரியரின் கடிதத்தை மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்தாராம். என் நாற்காலி இனி என்னுடையதுதான். பக்கத்து மேசைக்குப் புதிதாக ஒருவரை எடுத்திருக்கிறார்கள், அவருக்கும் கண் தெரியாது. உங்களை என்னைவிட வேகமாக ஓட்டுகிறார். கேட்டால் பொறாமையாக இருக்கிறது.

குழியில் இறங்கியவர் போன வாரம் வந்திருந்தார். மேசைக்கு முன்னால் வந்து நின்றார். யாரென்று கேட்டேன். சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அதெல்லாம் விடுங்கம்மா, நீங்க திரும்ப போன் போட்டீங்கள்ல" என்றார். அப்புறம், "இதுல பேசுறது உங்க அண்ணியாமே? ஆபீஸே சொல்லுது. நான் நல்லா இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் என் அதிகாரியிடம் போன அந்த மாதத்தில், சாலையைக் கடக்கும்போது ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் கடந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. ஆனாலும் என்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டும் இருக்கட்டும்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை மட்டும் முடுக்காமல் கேட்டேன், நீங்கள் பேசுகிற வேகத்திலேயே. "கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை" என்பதை அந்தக் குரல் ஏதோ ரயில் தாமதம் என்று அறிவிக்கிற மாதிரி படித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வேறென்னவோ வந்தது. அண்ணி, இந்தக் குரலுக்கு எல்லாம் வருகிறது, திட்ட வரவில்லை. நானே தட்டிப் பார்த்தேன். "எருமை மாடே, வேளைக்குச் சாப்பிட்டாயா?" என்று தட்டினேன். அது என்னவோ எருமைக்குக் கணக்கெடுப்பு நடத்துகிற மாதிரிக் கேட்டது. இருமல் இல்லை, பெருமூச்சு இல்லை, சமையலறையிலிருந்து பாதி வாக்கியத்தில் மறந்துபோய் நிற்பது இல்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மருமகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாலு நாள் இருக்கிற மாதிரி வாருங்கள். வந்து என்னைத் திட்டுங்கள்.

வாசலில் அழைப்பு மணி இருக்கிறது. அதை அடிக்காதீர்கள். கூப்பிடுங்கள்.

தந்தி